கணையப் புற்றுநோயும் கூட்டு ஆய்வுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணையப் புற்றுநோய் வந்த வீடுகளில் கேள்விகள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். ஏன் இத்தனை நாள் தெரியவில்லை? முன்னாலேயே ஸ்கேன் எடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா? வெளிநாட்டில் ஏதோ தடுப்பூசி வந்திருக்கிறதாமே? பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் கூட்டு ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா? இந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன். மருந்து, அறுவை பற்றிய முடிவை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

இந்த நோய் ஏன் முற்றிய பிறகே தெரிகிறது?

கணையம் இருக்கும் இடம் அப்படி. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், சுமார் 15 செ.மீ. நீளத்தில் படுத்த வாக்கில் இருக்கிறது. வயிற்றை அமுக்கிப் பார்த்தால் கைக்கு அகப்படாது. கட்டி கணையத்தின் தலைப்பகுதியில் வந்தால் பித்தக் குழாயை நெருக்கி மஞ்சள் காமாலையை உண்டாக்கும். கண் மஞ்சளாகும், உடம்பெல்லாம் அரிக்கும், மலம் வெளுத்துக் களிமண் நிறத்தில் போகும். கணையத்தின் உடல்பகுதியிலோ வால்பகுதியிலோ வந்தால் அந்த எச்சரிக்கைகூடக் கிடையாது. மேல்வயிற்றில் மந்தமான வலி, முதுகுக்குப் பரவும் வலி, பசியின்மை, எடை குறைவு என்று மெதுவாகத் தொடங்கும். நம் ஊரில் இதையெல்லாம் முதலில் 'கேஸ் டிரபிள்' என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். மாத்திரையும் சீரகத் தண்ணீருமாகச் சில மாதங்கள் போய்விடும்.

2022இல் உலகம் முழுவதும் சுமார் 5.1 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இதனால் இறந்தவர்கள் சுமார் 4.67 லட்சம். கண்டறியும்போது அறுவை செய்யக்கூடிய நிலையில் இருப்பவர்கள் 100க்கு 15 முதல் 20 பேர்தான். அமெரிக்காவிலேயே ஐந்தாண்டு தாண்டி வாழ்பவர்கள் 100க்கு 13 பேர் அளவில்தான் இருக்கிறார்கள்.

ஒரு பெரிய மருத்துவமனை தனியாக ஆராய்ந்து மருந்து கண்டுபிடிக்க முடியாதா?

ஒரே ஒரு ஆய்வின் கணக்கைச் சொன்னால் புரிந்துவிடும். பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில் பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு ஓலாபரிப் மாத்திரை உதவுமா என்று பார்க்க 'போலோ' என்ற ஆய்வு நடந்தது. அதற்காக 12 நாடுகளில் 3,315 நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். அந்தக் கோளாறு இருந்தவர்கள் 247 பேர். மற்ற தகுதிகளையும் பார்த்து ஆய்வில் சேர்த்தது 154 பேரைத்தான். நோய் கட்டுக்குள் இருந்த காலம் 3.8 மாதத்திலிருந்து 7.4 மாதமாக ஆனது என்று 2019இல் முடிவு வந்தது. மொத்த ஆயுள் கூடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அந்த 154 பேரை ஒரே மருத்துவமனை சேர்க்க நினைத்திருந்தால் பல தலைமுறை ஆகியிருக்கும்.

இந்த நோயாளிகளுக்குக் காத்திருக்க நேரம் இல்லை. ஒரு மருத்துவமனையில் ஆண்டுக்கு வருபவர்கள் குறைவு, அறுவைக்குத் தகுந்தவர்கள் அதிலும் குறைவு, குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவு. ஆகவே இந்த நோயில் நடந்த முன்னேற்றம் ஏறக்குறைய எல்லாமே பல ஊர், பல நாடு சேர்ந்து செய்ததுதான்.

கட்டி சில மாதங்களில் திடீரென்று வளர்ந்துவிடுகிறதா?

பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். தீபாவளிக்கு நன்றாக இருந்தவர் பொங்கலுக்குள் படுத்துவிட்டார் என்பார்கள். ஆனால் உள்ளே நடந்தது வேறு என்று 2010இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு காட்டியது. முதல் மரபணு மாற்றம் வந்த செல் புற்றுநோய்ச் செல்லாக மாறப் பத்து ஆண்டுக்கு மேல். அது வேறு உறுப்புக்குப் பரவும் திறனைப் பெறக் குறைந்தது இன்னும் ஐந்து ஆண்டு. அதற்கப்புறம்தான் சுமார் இரண்டு ஆண்டில் மரணம் என்று அவர்கள் கணித்தார்கள்.

அந்த ஆய்வுக்கான திசு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். மொத்தம் ஏழே நோயாளிகள். உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சம்மதம் சொல்லியிருந்தார்கள். இறந்து சில மணி நேரத்துக்குள், வீட்டில் அழுகை ஓயும் முன்பே, உடலைக் கொண்டு போக அந்தக் குடும்பங்கள் அனுமதித்தன. கணையத்திலும் ஈரலிலும் நுரையீரலிலும் இருந்த கட்டிகளை அப்போதே எடுத்து ஒப்பிட்டதால்தான், எந்த மாற்றம் முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று வரிசைப்படுத்த முடிந்தது. நோயை முன்கூட்டிப் பிடிக்கப் பல ஆண்டு அவகாசம் இருக்கிறது என்ற நம்பிக்கையையே இந்தத் துறைக்குக் கொடுத்தவர்கள் அந்த ஏழு பேர்.

அப்படியென்றால் 50 வயது தாண்டிய எல்லோருக்கும் கணையப் பரிசோதனையை மாஸ்டர் செக்கப்பில் சேர்த்துவிடலாமே?

கூடாது என்கிறார்கள். அமெரிக்காவின் தடுப்புச் சேவைப் பணிக்குழு, அறிகுறி இல்லாத சாதாரண ஆட்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று 2019இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. காரணம் கஞ்சத்தனம் இல்லை, கணக்கு. ஒரு பேச்சுக்கு, ஒரு லட்சம் பேரில் 20 பேருக்கு நோய் இருக்கிறது என்று வையுங்கள். பரிசோதனை 99 சதவீதம் சரியாகச் சொல்லும் என்றும் வைப்போம். அந்த 20 பேர் அகப்படுவார்கள். கூடவே நோயே இல்லாத சுமார் ஆயிரம் பேருக்கும் 'இருக்கிறது' என்று வரும். அவர்களுக்கு மறுபடி ஸ்கேன், எண்டோஸ்கோபி வழியாக ஊசி, சிலருக்கு வேண்டாத அறுவை. கணையத்தைத் தொடும் அறுவை சாதாரண விஷயம் இல்லை.

சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனையைப் பலர் தாங்களாகவே எடுத்துவிட்டுப் பயந்துபோய் வருகிறார்கள். அது அளக்கும் பொருள் சாதாரண மஞ்சள் காமாலையில்கூட ரத்தத்தில் கூடும். சுமார் 100க்கு 5 முதல் 10 பேருக்கு உடலமைப்பிலேயே அந்தப் பொருள் உற்பத்தி ஆகாது, அவர்களுக்கு நோய் முற்றினாலும் எண் ஏறாது. சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க இந்தப் பரிசோதனை நல்ல கருவி. நோய் இருக்கிறதா என்று தேட உதவாது.

பின்னே யார்தான் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்?

குடும்பத்தில் நெருங்கிய ரத்த உறவில் இருவருக்கோ அதற்கு மேலோ கணையப் புற்றுநோய் வந்திருந்தால், அல்லது பி.ஆர்.சி.ஏ.2, ஏ.டி.எம்., பி.ஏ.எல்.பி.2, சி.டி.கே.என்.2ஏ போன்ற மரபணுக்களில் பரம்பரைக் கோளாறு இருந்தால், மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும். இப்படிப்பட்டவர்களை அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 'கேப்ஸ்' என்ற திட்டத்தில் ஆண்டுதோறும் கண்காணிக்கின்றன. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், எண்டோஸ்கோபியின் நுனியில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பதும்தான் முறை.

1,461 பேரைப் பார்த்த அந்த ஆய்வின் ஐந்தாம் கட்ட முடிவு 2022இல் வந்தது. கண்காணிப்பில் 9 பேருக்குப் புற்றுநோய் அகப்பட்டது, அதில் 7 பேருக்கு முதல் ஸ்டேஜ். வழக்கமாக இந்த நோயில் முதல் ஸ்டேஜில் பிடிபடுவது எத்தனை அரிது என்று தெரிந்தவர்களுக்கு இந்த 7 என்ற எண்ணின் மதிப்பு புரியும். பத்தாவதாக ஒருவருக்கும் நோய் வந்தது. அவர் கண்காணிப்பை விட்டு விலகி நான்கு ஆண்டு கழித்து, பரவிய நிலையில் வந்து சேர்ந்தார். 'போன வருஷம் நார்மல்தானே, இந்த வருஷம் வேண்டாம்' என்று நினைக்கும்போது அந்தப் பத்தாவது ஆளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 58 வயதில் திடீரென்று சர்க்கரை வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை நோய் வருபவர்களில் சுமார் 100க்கு ஒருவருக்குத்தான் மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் இருந்த டாக்டர் சுரேஷ் சாரியின் குழு 2005இல் இதை எடுத்துக்காட்டியது. அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் இப்போதைய பெரிய கூட்டு முயற்சி.

சாதாரணமாகச் சர்க்கரை வரும்போது ஆள் எடை போட்டிருப்பார். புற்றுநோயால் வரும் சர்க்கரையில், சர்க்கரை வேகமாக ஏற, எடை தானாக இறங்கும். வயது, எடை மாற்றம், சர்க்கரை ஏறிய வேகம் ஆகிய மூன்றையும் வைத்து மதிப்பெண் போடும் முறையை 2018இல் அதே குழு வெளியிட்டது. அது எல்லா மக்களுக்கும் பொருந்துமா என்று பார்க்க, அமெரிக்காவில் புதிதாகச் சர்க்கரை வந்த 10,000 பேரைச் சேர்க்கும் இலக்கோடு பல மையங்கள் சேர்ந்து ஒரு தொடர் ஆய்வைத் தொடங்கின. இங்கிலாந்தில் லிவர்பூலைத் தலைமையாகக் கொண்டு இதேபோல் இன்னொன்று நடக்கிறது.

ஆகவே அப்பா உணவைக் குறைக்காமலே எடை இறங்குகிறார், மாத்திரைக்குச் சர்க்கரை அடங்க மறுக்கிறது, முதுகு வலியும் பசியின்மையும் இருக்கிறது என்றால், 'சுகர் வந்தால் இளைப்பது சகஜம்' என்று விட்டுவிடாமல், கணையத்தையும் ஒருமுறை பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த ஆராய்ச்சிகளில் தமிழ்நாட்டுக்குப் பங்கு இருக்கிறதா?

இருக்கிறது, நம் ஆட்களுக்கே அது அதிகம் தெரியாது. வெப்பமண்டல நாடுகளில் குடிப்பழக்கமே இல்லாத இளவயதினருக்கு ஒரு வகைக் கணைய அழற்சி வரும். கணையத்துக்குள் சுண்ணாம்புக் கற்கள் சேரும், வயிற்றுவலி, அப்புறம் சர்க்கரை நோய். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இது கணிசமாக இருந்தது. இந்த நோயாளிகள் 185 பேரைச் சென்னையில் சராசரியாக நான்கரை ஆண்டு தொடர்ந்து கவனித்து, சென்னை மருத்துவர்களும் அமெரிக்க மருத்துவர்களும் சேர்ந்து 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேலே சொன்ன சுரேஷ் சாரியும், சென்னையின் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகனும் அதில் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் 24 பேர் இறந்தார்கள். அதில் 6 பேர் இறந்தது கணையப் புற்றுநோயால். சாதாரண மக்களோடு ஒப்பிட்டால் ஆபத்து சுமார் நூறு மடங்கு. நாள்பட்ட கணைய அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி இன்று பேசப்படுவதில் சென்னையின் அந்த 185 பேருக்கும் இடம் உண்டு. சிறு வயதிலேயே 'கணையத்தில் கல்' என்று சொல்லப்பட்டவர்கள், வலி நின்றுவிட்டது என்று ஃபாலோ-அப்பை விடாமல் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். உலகப் புற்றுநோய் மரபணுக் கூட்டமைப்பு 2008இல் தொடங்கி, எந்தக் கட்டியின் மரபணுவை யார் படிப்பது என்று நாடுகள் வேலையைப் பங்கிட்டபோது, கணையக் கட்டிகளை ஆஸ்திரேலியாவும் கனடாவும் எடுத்துக்கொண்டன. இந்தியா வாய்ப் புற்றுநோயை எடுத்தது. நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் இருக்கும் நிலையில் அது நியாயமான தேர்வுதான். ஆனாலும் கணையப் புற்றுநோயின் முக்கியமான மரபணு வரைபடங்கள் பெரும்பாலும் மேற்கத்திய நோயாளிகளின் திசுவிலிருந்து வந்தவை. நம்மவர்களின் திசுவும் தகவலும் சேராத இடத்தில், நமக்குப் பொருந்தும் விடையும் தாமதமாகத்தான் வரும்.

செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்துவிடும் என்கிறார்களே?

நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன. சீனக் குழு ஒன்று 2023இல் வெளியிட்ட ஆய்வில், வேறு காரணத்துக்காக, படம் தெளிவாகத் தெரியச் செலுத்தும் மருந்துகூட இல்லாமல் எடுத்த சாதாரண சி.டி. ஸ்கேனிலேயே கணையக் கட்டியைக் கணினி அடையாளம் கண்டது. அதே ஆண்டு டென்மார்க்கின் 60 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளையும் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 30 லட்சம் பேரின் பதிவுகளையும் வைத்து, யாருக்கு நோய் வரக்கூடும் என்று கணிக்க ஒரு குழு முயன்றது. டென்மார்க்கில் கற்றுக்கொண்ட கணினி அமெரிக்காவில் அதே அளவு சரியாகச் சொல்லவில்லை. ஊருக்கு ஊர் பதிவு வேறு, பழக்கம் வேறு. நம் ஊருக்கு நம் பதிவுகளைக் கொண்டுதான் கற்பிக்க வேண்டும்.

சிகிச்சையில் கூட்டு ஆய்வுகள் உருப்படியாக என்ன கொடுத்தன?

அறுவைக்குப் பிறகு கீமோ கொடுத்தால் ஆயுள் கூடும் என்பதே ஐரோப்பியக் கூட்டு ஆய்வு ஒன்று 2004இல் உறுதி செய்த விஷயம். அதற்கு முன் அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. பிறகு பிரான்சும் கனடாவும் 77 மையங்களில் 493 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2018இல் வந்தது. அறுவை முடிந்தவர்களுக்கு ஜெம்சிட்டபின் என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுத்தபோது நடுமதிப்பு ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 35 மாதம். ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற நான்கு மருந்துக் கலவையைச் சற்று மாற்றிக் கொடுத்தபோது 54.4 மாதம். இந்த நோயில் அவ்வளவு பெரிய வித்தியாசம் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பக்கவிளைவு கடுமை, ஆகவே உடம்பு தாங்கக்கூடியவர்களுக்கு மட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வில் புது மருந்தே கிடையாது. கணையத்தின் ஒரு பகுதியை வெட்டியெடுத்த பிறகு, மிச்சத்தைக் குடலோடு தைப்பார்கள். அந்தத் தையலில் கணையச் சாறு கசிவதுதான் அறுவை மருத்துவர்களின் பெரிய பயம். இறைச்சியைச் செரிக்கும் சாறு அது. கசிந்தால் பக்கத்து ரத்தக் குழாயையே அரிக்கும். ஐந்தாம் நாள் ராத்திரி லேசாகக் காய்ச்சல். பணியில் இருக்கும் இளம் மருத்துவர் ஸ்கேன் எடுப்பதா, காலையில் பெரிய டாக்டர் வரட்டும் என்று காத்திருப்பதா? அந்தத் தயக்கத்தில் உயிர்கள் போயின.

நெதர்லாந்தில் இந்த அறுவை செய்யும் 17 மையங்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு விதிமுறை எழுதின. அறுவை முடிந்த நாட்களில் தினமும் நோயாளியின் நிலையையும் ரத்தப் பரிசோதனை எண்களையும் பார்க்க வேண்டும், இன்ன அளவு தாண்டினால் உடனே ஸ்கேன், சீழ் தேங்கியிருந்தால் குழாய் வைத்து வெளியேற்ற வேண்டும். மையம் மையமாக இதை நடைமுறைக்குக் கொண்டுவந்து 1,748 பேரில் பார்த்தார்கள். பழைய முறையில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 885 பேரில் 44. புதிய முறையில் 863 பேரில் 23. 2022இல் இது வெளியானது. ஒரு நாடு முழுவதும் இந்த இறப்பு ஏறக்குறையப் பாதியானது. இதற்குத் தேவைப்பட்டது சி.டி. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும், ஒரே விதியைப் பின்பற்றும் மனமும்தான்.

'புற்றுநோய்த் தடுப்பூசி' உண்மையா? புது மாத்திரையும் வருகிறதாமே?

தடுப்பூசி என்ற பெயரால் குழப்பம் வருகிறது. நோய் வராமல் தடுக்கும் ஊசி அல்ல இது. நோயாளிக்கு நியூயார்க்கில் கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். அந்தத் திசு ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துக்குப் போனது. பயோஎன்டெக் நிறுவனம் அதன் மரபணுவைப் படித்து, அந்த ஒருவரின் கட்டியில் மட்டும் உள்ள மாற்றங்களை அடையாளம் காட்டும் எம்.ஆர்.என்.ஏ. ஊசியைத் தயாரித்தது. சுமார் ஒன்பது வாரத்தில் அது அவர் கைக்கு ஏறியது, அதுவும் கொரோனா காலத்தில். டாக்டர் வினோத் பாலச்சந்திரன் தலைமையில் 16 பேருக்குப் போட்டதில் 8 பேருக்கு எதிர்ப்புச் செல்கள் உருவாயின. மூன்று ஆண்டுக்கு மேல் கடந்து பார்த்தபோது அந்த 8 பேரில் இருவருக்குத்தான் நோய் திரும்பியிருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் 16 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. பெரிய ஆய்வு நடக்கிறது, அதன் முடிவு வரும் வரை யாராவது இதைக் காசுக்குத் தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

மாத்திரை விஷயம் இது: கணையக் கட்டிகளில் 100க்கு 90க்கு மேல் கே-ராஸ் என்ற மரபணு பழுதாகியிருக்கும். அதன் புரதம் பாசி பிடித்த உருண்டைக் கல் மாதிரி, மருந்து போய் ஒட்ட இடுக்கே இல்லை என்று முப்பது ஆண்டு கைவிட்டிருந்தார்கள். 2013இல் கலிபோர்னியாவில் ஒரு குழு சிறு இடுக்கைக் கண்டுபிடித்தது. 2021இல் நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் மருந்து வந்தது. அது குறிவைக்கும் வகை கணையத்தில் மிக அரிது. கணையத்தில் அதிகம் உள்ள வகைகளையும் பிடிக்கக்கூடிய டாராக்ஸன்ராசிப் போன்ற மருந்துகள் 3ஆம் கட்ட ஆய்வு (நிறைய நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டம்) வரை வந்துவிட்டன.

சாப்பிட்டது எதுவும் ஒட்டவில்லை, எண்ணெய் மாதிரி மலம் போகிறது. இதற்கும் ஆய்வு உண்டா?

உண்டு. கணையம் செரிமானச் சாறு சுரக்காததால் வருவது இது. சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கும் கணைய என்சைம் காப்ஸ்யூல் இருக்கிறது. பிரிட்டனில் பல மருத்துவமனைகளின் நோயாளிகள் 1,350 பேரைப் பார்த்தபோது, அறுவை செய்ய முடியாதவர்களில் பாதிப் பேருக்குக்கூட அதை எழுதித் தரவில்லை என்று தெரியவந்தது. உங்கள் சீட்டில் இல்லையென்றால் கேளுங்கள். முதல் வாய் உணவோடு ஒன்று, நடுவில் மிச்சம் என்று பிரித்துப் போட்டால் நன்றாக வேலை செய்யும். சாப்பிட்டு முடித்து எழுந்த பிறகு போட்டுப் பயனில்லை.

இந்தியாவில் ஆய்வில் சேர்வது எப்படி? எலியாக்கிவிடுவார்களா?

இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். அதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். 2019இல் வந்த விதிகளின்படி, ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எந்த நேரத்திலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. புற்றுநோய் ஆய்வில் ஒரு பிரிவுக்குப் புது மருந்து என்றால் மற்றப் பிரிவுக்குப் பொதுவாக இப்போதுள்ள சிறந்த சிகிச்சை கிடைக்கும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்ட தேசிய புற்றுநோய்க் கூட்டமைப்பில் நாடு முழுவதும் 300க்கு மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. உங்கள் மருத்துவமனை அதில் உள்ளதா என்று விசாரிப்பது நல்ல தொடக்கம்.

அப்பாவிடம் நோயின் பெயரையே சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் நாங்கள் கையெழுத்துப் போடலாமா?

போட முடியாது. அவர் சுயநினைவோடு இருக்கும்போது அவருக்குப் பதில் மகனோ மகளோ ஒப்புதல் கொடுப்பது செல்லாது. வாசலில் மருத்துவரை மறித்து 'அப்பாகிட்ட கட்டின்னு மட்டும் சொல்லுங்க சார்' என்று கெஞ்சுவது எந்தப் பாசத்தில் வருகிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் பெரும்பாலும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று அவரும் தெரியாததுபோல் இருப்பார். ஒரு மருத்துவரோ செவிலியரோ கூட இருக்க, ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். ஆய்வில் சேர்வதா வேண்டாமா என்பது அவர் உடம்பைப் பற்றிய முடிவு. 'என்னால நாலு பேருக்கு உபயோகம்னா எடுத்துக்கட்டும்' என்று சொல்லும் வாய்ப்பை அவருக்குக் கொடுங்கள்.

அம்மா போய்விட்டார். இனி நாங்கள் செய்ய ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. கணையப் புற்றுநோய் உறுதியான எல்லோருக்குமே பரம்பரை மரபணுப் பரிசோதனை செய்வது நல்லது என்று அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. காரணம், 100க்கு 5 முதல் 10 பேருக்குப் பரம்பரைக் கோளாறு இருக்கிறது. அம்மாவுக்கு அது செய்யப்படாமல் போயிருந்தால், மரபணு ஆலோசகரைப் பார்த்து உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் தேவையா என்று கேளுங்கள். சித்தி, மாமா, தாத்தா யாருக்கு எந்த வயதில் என்ன புற்றுநோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மார்பகம், கருப்பை, குடல் எல்லாம் சேர்த்து எழுதுங்கள்.

அம்மாவுக்கு பயாப்சி எடுத்திருந்தால் அந்தத் திசுவை மெழுகில் பதித்து, கட்டைவிரல் அளவு மெழுகுக் கட்டியாக நோயியல் துறையில் வைத்திருப்பார்கள். அறிக்கையின் தலைப்பில் அதன் எண் இருக்கும். ஃபைலைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணோடு போய், அந்த மெழுகுக் கட்டி இன்னும் இருக்கிறதா, பரிசோதனைக்கோ ஆய்வுக்கோ கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.